மைக்கழிவுப் பஞ்சு

கொலெட்டின் வீட்டுப் படியில் நான் ஏறும்போது திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. ஞாயிறு முழுக்கப் பெய்த பனிமழை மரப்படிகளின் மேல் கண்ணாடி பூசிவிட்டுப் போயிருந்தது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, படிக்கு ஒரு கெட்ட வார்த்தை வீதம் சொல்லியபடி ஏறினேன்.

கொலெட் என் அக்கா. புருஷன் ரஸ்ஸை விட்டு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கில்லன் ஃபால்ஸில் மூடிக் கிடக்கும் காகித ஆலைக்குப் பின்னால், ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய மூன்றடுக்கு மரவீடு அது. நடு அடுக்கில் இரண்டு அறை அவளுக்கு.

"பூட்ஸைக் கழட்டாதடி நொயெல், தரை ஐஸ் மாதிரி இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். வீட்டுக்குள்ளேயும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தாள். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். படம் எடுத்ததே நான்தான்.

சமையலறை மேசையில் அந்தப் பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், ரொட்டிப் பெட்டி அளவு, மேல் மூடியில் ஒரு விரிசல். ரஸ் வீட்டிலிருந்து வரும்போது அவள் எடுத்துவந்தவை இரண்டு பை துணி, சோப்பு காய்ச்சும் பானை, இது. துணிக்கூடையில் போர்வை சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தாளாம். அவள் காய்ச்சி விற்கும் சோப்புகளுக்கு லேபிள் அச்சடிப்பது அதில்தான்.

மறுநாள் காலை எட்டரைக்கு நீதிமன்றம். ரஸ் டக்கெட் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டிருந்தோம். போன வசந்தத்திலும் ஒருமுறை கேட்டோம். அப்போது காயத்தின் படங்களை நூலகத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துக் கொண்டுபோனோம். நீதிபதி தாளைத் தூரமாகப் பிடித்தார், கிட்டே பிடித்தார். "இது காயமா நிழலா என்று என்னால் சொல்ல முடியவில்லை" என்றார். மனு தள்ளுபடி. கொலெட் அதே மனிதனின் அதே வண்டியில் ஏறி அதே வீட்டுக்குப் போனாள்.

ஆகவே இந்த முறை வண்ணம் வேண்டும். கழுத்து ஒன்று, தோள் ஒன்று, முதுகு ஒன்று. நீதிபதிக்கு ஒரு பிரதி, எதிராளிக்கு ஒரு பிரதி, நமக்கு ஒன்று. மொத்தம் ஒன்பது தாள். ஊதா ஊதாவாக, மஞ்சள் மஞ்சளாகத் தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை நூலகம் கிடையாது. பக்கத்து ஊருக்குப் போகும் சாலை பனிக்கட்டியால் மூடியிருந்தது. இந்த ஊரில் வண்ணப்படம் அச்சடிக்கும் ஒரே இடம் மருந்துக்கடை.

"அங்க போய்க் கேட்டியா?" என்றேன்.

"சனிக்கிழமை போனேன். போனிலிருந்து எடுக்க முடியுமான்னு கேட்டேன். கவுண்டர்ல யாரு நிக்கிறா தெரியுமா? ரஸ்ஸோட அத்தை. 'என்ன படம் கண்ணு, கல்யாண நாளா?'ன்னு கேக்குறா. ஓடி வந்துட்டேன்."

"அப்ப அவனுக்கு விஷயம் போயிருக்கும்."

"போயிருக்கும்," என்றாள். மஃப்ளரை இறுக்கிக்கொண்டாள்.

சோதனைத் தாள் ஒன்று அச்சடித்துப் பார்த்தேன். நீலம் வந்தது. மஞ்சள் வந்தது. கறுப்பு கோடு கோடாக வந்தது. சிவப்பு, அதாவது மெஜந்தா, ஒரு புள்ளிகூட இல்லை. சிவப்பு இல்லாமல் அவள் கழுத்தை அச்சடித்தால் பச்சையாக வரும். நீதிபதி பாசி பிடித்த கழுத்து என்பார்.

"சிவப்பு எப்பவுமே அடைச்சுக்கும். நான் சுத்தம் பண்ற பட்டனை அமுக்கிட்டே இருப்பேன். பத்து தடவை, இருபது தடவை. அப்புறம் கொஞ்சம் வரும்."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ஆலையில் காகிதம் செய்தார். நான் பல்கலைக்கழக நூலகத்தில் நான்கு வருடம் பிரிண்டரில் சிக்கிய காகிதம் எடுத்துப் படித்தேன். பேராசிரியர்களின் பிள்ளைகள் இயந்திரத்தை உதைத்துவிட்டு "ஏய், இது ஓடல" என்று என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் இந்தச் சனியன்களின் வயிற்றில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுத்தம் செய்யும் பட்டனை அழுத்தும்போதெல்லாம் இயந்திரம் மையை உறிஞ்சி எங்கோ துப்புகிறது. அந்த எங்கோ, இயந்திரத்தின் அடியில் உள்ள ஒரு தடித்த பஞ்சு. வாங்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது நிறைந்ததும் இயந்திரம் வேலை செய்ய மறுத்துவிடும்.

நான் நினைத்து முடிப்பதற்குள் ஆரஞ்சு விளக்கு மின்னியது. பஞ்சு நிறைந்துவிட்டது, வேலை நிறுத்தம்.

"பிரிச்சுக் கழுவிடலாம். மத்தியானத்துக்குள்ள ஒன்பது தாள் உன் கையில," என்றேன்.

மேசையில் பழைய துண்டை விரித்தேன். மின்கம்பியைப் பிடுங்கினேன். மைக் கார்ட்ரிட்ஜ்களை எடுத்து வரிசையாக வைத்தேன். பக்க மூடிகள், மேல் மூடி, தாள் வரும் தட்டு. ஒவ்வொரு திருகையும் முட்டை அட்டையின் குழியில் தனித்தனியாகப் போட்டேன். மை துப்பும் தலையைக் கழற்றி வெந்நீர்க் கிண்ணத்தில் மிதக்க வைத்தேன். நீரில் நீலமும் மஞ்சளும் புகைபோலச் சுருண்டன.

மெஜந்தா துளைகளிலிருந்து பழுப்பாக ஏதோ உரிந்தது. மெல்லிய தோல் மாதிரி.

மை அப்படி உரியாது.

அப்புறம் இயந்திரத்தைக் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்தேன். முதலில் வாசனை வந்தது. பிரிண்டர் மைக்கு வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. லேசான மருந்து நெடி, அவ்வளவுதான். இது வேறு. ஈரக் கையில் இரும்புச் சாவியை வெகுநேரம் பிடித்திருந்தால் வருமே, அது. மான் வேட்டைக் காலத்தில் மான் உரிக்கும் கொட்டகைகளின் பக்கம் போனால் வருமே, அது.

பஞ்சு உள்ளங்கை அகலம், ஒரு ஜாண் நீளம். நிறைந்து, கனத்து, கறுப்பாக ஊறிக் கிடந்தது. இடுக்கியால் தூக்கினேன். கூடவே ஒரு முடி வந்தது. நீளமான முடி, முழங்கை நீளம்.

"உன்னுதா?"

கொலெட் தன் குட்டை முடியைத் தொட்டுக் காட்டினாள்.

பஞ்சைக் குளியலறைக்கு எடுத்துப்போனேன். புதுப் பஞ்சு வரவழைக்க ஒரு வாரம் ஆகும். என்னைப் போன்ற ஆட்கள் பழையதையே கழுவிப் பிழிந்து, காயவைத்துத் திரும்பப் போட்டுவிடுவோம். தொட்டியில் வெந்நீர் நிரப்பி, கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சை உள்ளே அமுக்கினேன்.

கறுப்பு வந்தது. பிறகு நீலம். பிழியப் பிழிய மஞ்சள். பிறகு சிவப்பு.

சிவப்பு நிற்கவில்லை.

இருபது தடவை பிழிந்தேன். முப்பது தடவை. சிவப்பே சரியாக வராத இயந்திரத்தின் வயிற்றில் இத்தனை சிவப்பா? தொட்டி நீர் கெட்டியாகிக்கொண்டே வந்தது. வெந்நீர்தான் ஊற்றியிருந்தேன். ஆனால் நீர் சில்லிட்டிருந்தது.

நீருக்குள் ஏதோ என் மணிக்கட்டைப் பிடித்தது.

நான்கு விரல். கட்டைவிரல் வேறு. எண்ண முடிந்தது.

கத்த வாய் திறந்தேன். அதற்குள் முழங்கை வரை இழுத்தது. பிறகு தோள் வரை. முகம் நீரில் மோதியது, வாயெல்லாம் இரும்புச் சுவை. இன்னொரு கை என் இடது கையின் கடைசி இரண்டு விரல்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தது. அவசரமே இல்லை அதற்கு. பின்பக்கமாக வளைத்தது. வளைத்துக்கொண்டே போனது.

ஒன்று முறிந்த சத்தம் நீருக்குள் கேட்டது. பிறகு இன்னொன்று.

ஒரு காலைத் தொட்டிக்குள் தூக்கிப்போட்டுத் துழாவினேன். அடைப்பானின் சங்கிலி பூட்ஸ் நுனியில் மாட்டியது. இழுத்தேன். நீர் உறுமிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. இறங்க இறங்கப் பிடி தளர்ந்தது. கடைசிக் குவளை நீர் குழாய்க்குள் போனபோது நான் தரையில் கிடந்தேன். என் இரண்டு விரல்களும் மேல்நோக்கிப் பார்த்தன.

பயந்தவள் ஓடியிருப்பாள். எனக்குக் கோபம்தான் முதலில் வரும், பிறவிக் கோளாறு. ஒற்றைக் கையால் குழாயை முழுசாகத் திறந்தேன். பஞ்சின் மேல் ஏறி நின்று, பூட்ஸால் மிதித்தேன். தெளிந்த நீர் வரும்வரை மிதித்தேன். எல்லாச் சிவப்பையும் வடிகால் குழாய்க்குள் விரட்டினேன். "போ" என்றேன். "போய்த் தொலை."

கொலெட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். துண்டால் துடைத்துவிட்டு, மரக் கரண்டியை ஒடித்து வைத்து விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். எலும்பு கட்டுவது அவளுக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடி."

"முதல்ல ஒன்பது தாள்."

அவள் குளியல் தொட்டியின் சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் முடி சுருண்டு கிடந்தது. ஒன்றல்ல, ஒரு கைப்பிடி. கழுவிய பிறகு அதன் நிறம் தெரிந்தது. செம்பட்டை.

"மார்லா," என்றாள் கொலெட்.

மார்லா ரஸ்ஸின் முதல் மனைவி. ஊருக்கே தெரிந்த கதை: வேறொருவனோடு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள், திரும்பியே பார்க்கவில்லை. ரஸ் அதைச் சொல்லும்போது மதுக்கடையில் மற்றவர்கள் அவன் தோளைத் தட்டுவார்கள். பாவம், நல்லவன்.

"இது அவ பிரிண்டர்," கொலெட் கிசுகிசுத்தாள். "ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேசை இருந்துச்சு. பிறந்தநாள் அட்டை அடிச்சு விப்பாளாம். நான் அந்த வீட்டுக்குப் போனப்போ அந்த மேசைக்கு அடியில மட்டும் கம்பளம் புதுசு. நாய் அசிங்கம் பண்ணிடுச்சுன்னான்."

"அவன் எப்ப நாய் வளர்த்தான்?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேல் மூடியின் விரிசல். துளைகளில் உரிந்த தோல். அவள் தலையை இதில்தான் மோதியிருக்கிறான். அவன் மேசையைத் துடைத்திருக்கிறான், கம்பளத்தை மாற்றியிருக்கிறான், இயந்திரத்தின் வெளிப்புறத்தைப் பளபளவென்று தேய்த்திருக்கிறான். அடியில் ஒரு பஞ்சு இருப்பது அவனுக்கும் தெரியாது. மூடி திறந்திருந்த இயந்திரத்துக்குள் அவள் தலையிலிருந்து ஒழுகியது எல்லாம் அங்கேதான் இறங்கியிருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பஞ்சு அவளைப் பிடித்து வைத்திருந்தது. யாராவது திறந்து பார்ப்பார்கள் என்று.

திறந்து பார்த்தது நான். ஒரு பெண் செத்ததற்கு இந்த முடி போக உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சியை, படித்த முட்டாள் நான், பூட்ஸ் காலால் மிதித்துச் சாக்கடையில் விட்டுவிட்டேன்.

"கொலெட், நான் அவளை..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. என் பின்னந்தலை முடியை யாரோ கொத்தாகப் பிடித்தார்கள்.

சமையலறைக்குள் மல்லாக்க இழுத்துக்கொண்டு போனது. குதிகால்கள் தரையில் தேய்ந்தன. கொலெட் என் கால்களைப் பிடித்தாள். அவளையும் சேர்த்து இழுத்தது. மேசையருகே என்னைத் தூக்கி நிறுத்தியது. கண்முன் அந்த இயந்திரத்தின் எலும்புக்கூடு.

முதல் அடி. உலோகச் சட்டத்தில் என் புருவம் மோதிக் கிழிந்தது.

இரண்டாவது. ஒரு பல் நாக்கின் மேல் விழுந்தது.

"மார்லா!" கொலெட் அலறினாள். "அவ இல்ல! அவ என் தங்கச்சி! உன்னை அடிச்சவன் இவ இல்லடி!"

மூன்றாவது அடிக்காக என் தலை பின்னால் இழுபட்டு, அப்படியே நின்றது. காதருகே மூச்சு. ஈரமான, கொப்புளம் வெடிக்கும் மூச்சு. உடைந்த மூக்கால் விடும் மூச்சு.

பிடி விட்டது. நான் மேசைக்கடியில் சரிந்தேன்.

என் புருவத்திலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

"ஜன்னல் வழியாத் தூக்கிப் போடு," என்றேன். பல் போன இடத்தில் காற்று வந்தது.

"நாளைக்கு எட்டரைக்கு நான் எதைக் காட்டுவேன்?" கொலெட் கேட்டாள். அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நிழலையா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். துண்டால் அதன் சட்டத்திலிருந்த என் ரத்தத்தைத் துடைத்தாள். அப்புறம் குனிந்து, அடுத்த அறையில் தூங்கும் ஆளிடம் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு ஒன்பது படம் வேணும் மார்லா. அவ்ளோதான்."

நான் தரையில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல அவள் பூட்டினாள். பஞ்சை அடுப்பின் மிதச் சூட்டில் வைத்து ஈரம் வாங்கி அடித்தட்டில் பொருத்தினாள். மை துப்பும் தலையை மாட்டினாள். முட்டை அட்டைக் குழிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எந்தப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் இயந்திரம் பஞ்சு நிறைந்த பழைய கணக்கை மறக்கும் என்று எனக்குத் தெரியும், சொன்னேன், அழுத்தினாள். விளக்கு பச்சையானது.

சோதனைத் தாள் வந்தது. நீலம், மஞ்சள், கறுப்பு. கூடவே மெஜந்தா, ஒரு கோடுகூட உடையாமல்.

கழுத்துப் படத்தை அனுப்பினோம். தலை இடமும் வலமும் ஓடியது. தாள் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. என் அக்காவின் கழுத்தில் அவன் விரல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, பழுத்துக் கன்றிய நிறத்தில். இதைப் பார்த்து நிழல் என்று எவனாலும் சொல்ல முடியாது.

எட்டுத் தாள் வந்தது. ஒன்பதாவது பாதி வந்துகொண்டிருந்தபோது கீழே கதவு உடைந்தது.

படிகளில் பூட்ஸ் சத்தம். நான் போனை எடுத்துக் காவல்துறையை அழைத்து முகவரி சொன்னேன். பனிக்கட்டிச் சாலை, பத்து நிமிடம் என்றாள் எதிர்முனையில் இருந்த பெண். எங்கள் கதவுக்கு இரண்டு உதைதான் தேவைப்பட்டது.

ரஸ் பெரிய உடம்புக்காரன். சிரித்த முகம். வேட்டைக்குப் போகும் ஆரஞ்சு தொப்பி போட்டிருந்தான்.

"அடடா, பட்டதாரியம்மாவும் இங்கதானா? படிச்ச படிப்புக்கு மிஷின் துடைக்கிற வேலை கிடைச்சுதா?" என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "யாரோ என்னை முந்திக்கிட்டான் போலிருக்கே."

"போயிடு ரஸ். போலீஸ் வருது," என்றேன்.

"வரட்டும். என் பொண்டாட்டி, என் பிரிண்டர். எடுத்துக்கிட்டுப் போக வந்தேன்." கொலெட்டைப் பார்த்தான். "அத்தை சொன்னாங்க. படம் காட்டப் போறியாமே?"

நான் குறுக்கே போனேன். முறிந்த விரல்களைக் கட்டோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். எனக்குக் கண் இருட்டியது. சுவரில் மோதி விழுந்தேன். விழுந்த இடம் மின்சாரச் செருகிக்குப் பக்கத்தில். பிரிண்டரின் கம்பி என் தோளைத் தொட்டுக்கொண்டு போனது.

அவன் கொலெட்டின் மஃப்ளரைப் பிடித்துத் தூக்கினான். அவள் முகத்தை இயந்திரத்தின் மேல் மோதினான். திறந்திருந்த மூடி ஒடிந்து பறந்தது. மேசையிலிருந்த எட்டுத் தாளையும் வாரிச் சட்டைக்குள் திணித்தான். ஒன்பதாவது இன்னும் இயந்திரத்தின் வாயில் பாதி தொங்கியது.

"இதையும் குடு," என்று உள்ளே கை விட்டுப் பிடித்து இழுத்தான்.

தாள் வரவில்லை.

அவன் கை உள்ளே போனது.

அந்த மோட்டாரை எனக்குத் தெரியும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தாலே திணறி நின்றுவிடும் பொம்மை மோட்டார் அது. ரப்பர் உருளையைச் சுண்டுவிரலால் நிறுத்தலாம். அது ரஸ்ஸின் விரல்களை உள்ளே எடுத்துக்கொண்டது. பிறகு விரல் முட்டிகளை. தாளை எடுப்பதைப்போலவே, ஒரே சீராக, அங்குலம் அங்குலமாக.

அவன் முதலில் சிரித்தான். பிறகு இழுத்தான். பிறகு மேசையோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தான். மேசை அசையவில்லை.

எலும்பு நொறுங்குவது ஒரே சத்தமல்ல. அது ஒரு வரிசை.

தலை இடமும் வலமும் ஓடியது. அந்த மை துப்பும் தலை ஒவ்வொரு ஓட்டத்திலும் அவன் மணிக்கட்டைத் தாண்டியது. தோல் பட்டை பட்டையாகக் கிழிந்தது. அலறினான். தன் தலையை மேலே இழுத்துக்கொண்டு அலறினான். அவன் தலையை ஏதோ கொத்தாகப் பிடித்து உலோகச் சட்டத்தில் மோதியது. புருவம். மறுபடியும். பல். ஆரஞ்சு தொப்பி தரையில் உருண்டது.

மின்கம்பி என் தோள் மேல் சூடாகக் கிடந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கையை நீட்டினேன் என்று போலீஸிடம் சொன்னேன். நீட்டவில்லை.

"பிளக்கைத் தொடாத," என்றாள் கொலெட். தரையில் உட்கார்ந்து, மூக்கில் ரத்தம் வழிய, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டகை!" ரஸ் கதறினான். முழங்கை வரை போயிருந்தது. "பனிவண்டிக் கொட்டகை... சிமெண்ட் தரைக்கு அடியில... விடச் சொல்லு! மார்லாவை விடச் சொல்லு!"

மோட்டார் நின்றது.

அவன் கை என்று சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்றோடு பின்னால் சாய்ந்தான். அவன் சட்டைக்குள் எட்டுத் தாள். இயந்திரம் ஒருமுறை முனகி, ஒன்பதாவது தாளை முழுசாக வெளியே தள்ளியது. முதுகுப் படம். அதன்மேல் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

போலீஸ் உள்ளே வந்தபோது கொலெட் அவன் சட்டையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு நீதிமன்றம் போனோம். எதிராளியின் நாற்காலி காலி. அவன் மருத்துவமனைக் கட்டிலில் விலங்கோடு கிடந்தான். நீதிபதி ஒன்பது தாளில் தன்னுடைய மூன்றைப் பார்த்தார். தூரமாகப் பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உத்தரவு கிடைத்தது. அந்த வாரமே சிமெண்ட் தரையை உடைத்து மார்லாவை எடுத்தார்கள். அவளுடைய மண்டையோட்டையும் இடக் கை எலும்புகளையும் பற்றி அதிகாரி எங்களிடம் சொல்லத் தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன்.

"அந்தப் பஞ்சு கழுவாம கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார். "கழுவிட்டீங்களாமே?"

"கழுவிட்டேன்."

"எங்க போச்சு அதெல்லாம்?"

"குழாயில," என்றேன். ஊர் முழுக்க ஒரே கழிவுக்குழாய்தான். ஆலைக் காலத்தில் போட்டது. மூன்று மழைக்கு ஒருமுறை எல்லா வீட்டுக் குளியல் தொட்டியிலும் எதிர்த்து வரும்.

மூன்று வாரம் கழித்து விரல் கட்டைப் பிரிக்க ஊர் மருத்துவமனைக்குப் போனேன். பகல் பதினோரு மணி. அவசரப் பிரிவில் உட்கார இடமில்லை. வின்னி என்ற தடித்த நர்ஸ் என் கட்டை வெட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"இந்த மாசம் விரல் ஒடிஞ்சு வந்த ஒரே பொம்பளை நீதான் கண்ணு. பாக்கி எல்லாம் ஆம்பளைங்க. பதினாலு பேரு. எப்படி ஒடிஞ்சுதுன்னு கேளு."

"எப்படி?"

"குளியல் தொட்டியில வழுக்கி விழுந்துட்டாங்களாம்." அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "இருபத்தாறு வருஷமா பொம்பளைங்க வந்து இந்த நாற்காலியில உக்காந்து எங்கிட்ட சொல்லுற அதே பொய். நான் எழுதிக்குவேன். இப்ப அவனுங்க சொல்றானுங்க. ஆனா பொய் சொல்ற மாதிரி இல்ல."

வெளியே வந்தேன். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருவரை எனக்குத் தெரியும். அவர்கள் மனைவிமார் வெயில் காலத்திலும் முழுக்கை போடுவார்கள். கடைசி நாற்காலியில் பியர் கேன்யோன். அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்தவர். நான் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரை வந்த மனிதர். அவர் யாரையும் அடித்ததாக நான் கேட்டதில்லை. ஆனால் ரஸ்ஸின் தோளைத் தட்டியவர்களும் அவனைப் பற்றி எதையும் கேள்விப்பட்டதில்லை. எனக்குத் தெரியாது. மார்லாவுக்குத் தெரியுமா என்றும் எனக்குத் தெரியாது. எந்தக் குற்றமும் செய்யாத என்னையும்தான் அவள் அடித்தாள்.

அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்து, கைகளை மடியில் கோத்து, நேராகப் பார்த்துக்கொண்டு.

பியர் வலது மணிக்கட்டைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அங்கே சிவப்பாக நான்கு விரல் தடம்.

துடைக்கத் துடைக்க, அது ஈரமாகவே இருந்தது.